பச்சை நிறத்தில் எழுதினால் பசுமையா? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழில் வீட்டுக் குப்பை பற்றிக் கேளுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தோம். கடிதங்கள் குப்பையில் தொடங்கி குடிதண்ணீர், விறகு, அரிசி, கோயில் அன்னதானம் என்று எங்கெங்கோ போய்விட்டன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றையும், என்னைக் கொஞ்சம் சீண்டியவற்றையும் எடுத்திருக்கிறேன். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்தான்.

கடைகளில் சொப்பிங் பைக்கு இப்போது காசு எடுக்கிறார்கள். அதனால் துணிப்பை வாங்கத் தொடங்கினேன். பை கொண்டு போக மறக்கிற நேரமெல்லாம் புதிதாக ஒன்று வாங்கி, இப்போது அலுமாரிக்குள் பையே ஒரு குவியல். பொலித்தீனைவிட இது நல்லதுதானே அக்கா? – வாசகி, விசுவமடு

குவியலாகக் கிடந்தால் நல்லதில்லை, தங்கச்சி. 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை சொன்னது, நீங்கள் வீட்டிலிருந்து பை கொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான். கடைக்காரர் காசாளர் மேசைக்குப் பக்கத்தில் வேறொரு பையைத் தொங்கவிட்டு விற்க வேண்டும் என்பதற்காக இல்லை.

முதலில், உங்களிடம் இருப்பது துணிதானா என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் துணி. நூலே இல்லாமல், சின்னச் சின்னப் புள்ளியாக அழுத்திவைத்த தாள் போல இருந்தால் அது பொலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்ரிக். கடையில் துணிப்பை என்று விற்பதில் பாதிக்கு மேல் இந்தச் சாதிதான் என்பது என் சந்தேகம். வெயில் படுகிற இடத்தில் கொஞ்சக் காலம் தொங்கவிட்டால் கையோடு பொடியாக வரும், அந்தப் பொடி நேரே மண்ணுக்குள் போகும். சரி, உண்மையான பருத்தி என்றாலும் ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியில் ஏறக்குறைய 10,000 லீற்றர் தண்ணீர் செலவாகிறது. அப்படிப்பட்ட பை வருடக் கணக்கில் உழைக்க வேண்டும், அலுமாரிக்குள் தூங்கக் கூடாது.

இனி வாங்காதீர்கள், அவ்வளவுதான். இருப்பதில் ஒன்றை மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வையுங்கள், ஒன்றைக் கைப்பைக்குள் மடித்து வையுங்கள். மிச்சத்தை உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் கொடுத்து, மறந்து வருகிற ஆட்களுக்குக் கொடுங்கோ, திருப்பித் தரச் சொல்லுங்கோ என்று சொல்லுங்கள். மரக்கறிக்குப் பனையோலைக் கடகத்தை மிஞ்சிய பை எனக்குத் தெரிந்து இல்லை. காற்று ஓடும், கீரை அவியாது. உரப்பையில் கைபிடி தைத்துச் சந்தைக்குக் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு சொல்: விறகுக்கும் பொச்சுக்கும் சரி, சாப்பாட்டுச் சாமானுக்கு வேண்டாம். சீனி, மா வந்த பையாகப் பார்த்து எடுங்கள்.

எங்கள் பக்கம் பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரம் வருவதே இல்லை. கோடிக்குள் கிடங்கு வெட்டி எரிக்கிறோம். எரிக்காதே எரிக்காதே என்று கூட்டம் வைத்துச் சொல்கிறார்கள். அப்ப என்னதான் செய்யிறது? – வாசகர், மல்லாவிப் பக்கம்

கூட்டம் வைத்துச் சொன்னவர்களின் படலைக்குக் குப்பை வண்டி வரும், அண்ணை. உங்கள் கோபம் நியாயம். 2017 செப்டெம்பரில் சோறு கட்டுகிற லஞ்ச் சீற், ரெஜிபோம் பெட்டி, மெல்லிய பொலித்தீன் எல்லாவற்றையும் தடை செய்தபோது, திறந்த வெளியில் குப்பை எரிப்பதையும் சேர்த்தே தடை செய்தார்கள். சட்டம் மல்லாவிக்கு வந்துவிட்டது, வண்டி மட்டும் வரவில்லை.

ஆனாலும் எரிக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், சட்டத்துக்காக இல்லை. கிடங்குக்குள் எரிவது சரியான நெருப்பு இல்லை. பாதி ஈரம், பாதிக் காற்று, புகைந்து புகைந்து எரியும். அந்த அரைகுறைச் சூட்டில்தான் டயொக்சின் போன்ற நஞ்சு கூடுதலாக உண்டாகிறது, அதிலும் பீவீசீ குழாய்த் துண்டு, வயர் உறை, பழைய செருப்பு எரியும்போது. புகை மேலே போய் மறைந்துவிடுவதாக நினைக்கிறோம். அது பக்கத்துப் புல்லில் படியும், புல்லை மாடு தின்னும், டயொக்சின் கொழுப்பில் தங்குகிற சாமான் என்பதால் பாலோடு திரும்ப வீட்டுக்கே வரும். கிடங்கு கிணற்றடிக்குப் பக்கத்தில் என்றால் சாம்பல் மாரி மழையோடு எங்கே இறங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி உங்கள் கேள்வி. வன்னியில் ஒரு வீட்டுக் குப்பையைக் கொட்டிப் பிரித்தால் பெரும்பங்கு அழுகுகிறது: சோறு, தோல், சருகு, சாம்பல். அது மாட்டுக்கும் கோழிக்கும் வாழையடிக்கும் போய்விடும், ஏற்கனவே போய்க்கொண்டும் இருக்கிறது. போத்தல், ரின், மட்டை, சோடாப் போத்தல் எல்லாம் பழைய இரும்புக்காரருக்கு. கொடுக்கும் காசு தேத்தண்ணிக்குக் காணாது, ஆனால் ஏற்றிக்கொண்டு போவார். கடைசியில் மிஞ்சுவது பிஸ்கற், நூடில்ஸ், பால்மா வந்த உறைகள். அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் படை படையாக ஒட்டிய அந்த உறையை யாரும் காசுக்கு எடுக்க மாட்டார்கள். உங்கள் உண்மையான பிரச்சினை இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து எரிகிறது.

அந்த உறையைத் தண்ணீரில் அலசிக் காயவிட்டு ஓர் உரப்பைக்குள் அமுக்கி அடையுங்கள். அலசாவிட்டால் எறும்பும் எலியும் வரும், அதோடு மனைவி பையைத் தூக்கி எறிவா. காய்ந்த உறை நம்ப முடியாத அளவுக்கு அமுங்கும், ஒரு பை நிரம்ப மாதங்கள் எடுக்கும். பிறகு உங்கள் மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் எது உயிரோடு இருக்கிறதோ அதன் பெயரில் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வீட்டுக்கு வீடு வா என்று கேட்டால் டீசல் இல்லை, ஆள் இல்லை என்று பதில் வரும். மாதத்தில் ஒரு நாள், இந்தச் சந்திக்கு, இத்தனை மணிக்கு வா என்று கேளுங்கள். அதற்கு இல்லை என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

புதைக்கலாமே என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். புதைத்ததை மழை கிளப்பும், இல்லாவிட்டால் பன்றி கிளப்பும். சோற்று மணம் ஒட்டிய பையை மாடு விழுங்கினால் அது இரைப்பையை விட்டு வெளியே வராது. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் தின்று யானைகள் செத்த செய்தி எல்லோரும் அறிந்ததுதான். எங்கள் காட்டோரங்களிலும் யானைக்குக் குறைவில்லை.

இதோடு ஒன்று. அடுப்பு மூட்டப் பொலித்தீன் துண்டும் சைக்கிள் ரியூப் துண்டும் வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். அந்தப் புகை சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், உங்கள் வீட்டுப் பெண்ணின் முகத்துக்கு நேரே வருகிறது. தென்னம் பன்னாடை, காய்ந்த பாளை, ஊமல், சிரட்டை என்று வளவு முழுக்கக் கிடக்கிறதே.

கிணற்றுத் தண்ணீர் உவரும் சுண்ணாம்பும். சிறுநீரக வருத்தப் பயத்தில் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்துச் சுத்தமாக்கிய தண்ணீர் வாங்குகிறோம். பிளாஸ்ரிக் கான், பிளாஸ்ரிக் போத்தல் என்று வீடு நிறைகிறது. கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா? – வாசகி, வவுனியா வடக்கு

போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கேத்தல் அடியில் வெள்ளையாகக் கொஞ்சச் சுண்ணாம்பு படியும். தண்ணீரில் கரைந்திருக்கிற புளோரைட்டு போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக மிஞ்சுவதில் அது இன்னும் செறிவாகும். இலங்கைத் தரநிர்ணயத்தின்படி குடிதண்ணீரில் புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் பரவியிருக்கிற சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னதுதான் என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்து முடிவு கட்டவில்லை. வெக்கை, தண்ணீர் குடியாமை, கடினநீர், புளோரைட்டு, வயல் நஞ்சு எல்லாம் பேசப்படுகின்றன. முடிவு வரும்வரை நல்ல தண்ணீரைத் தாராளமாகக் குடிப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பிளாஸ்ரிக்கைக் குறைக்கிறேன் என்று குடிதண்ணீரில் கை வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

குறைக்கக் கூடியது சின்னப் போத்தலைத்தான். பெரிய கானைத் திருப்பித் திருப்பி நிரப்பலாம், வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். பயணத்துக்குச் சில்வர் போத்தல். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், சட்டி கழுவக் கிணறு இருக்கிறது. இந்த இயந்திரம் நல்ல தண்ணீர் எடுக்கிற அளவுக்குக் கிட்டத்தட்டக் கழிவுநீரையும் வெளியே விடும் என்பதை ஊரில் பலர் யோசிப்பதில்லை. உங்கள் ஊரில் சங்கம் நடத்துகிற நிலையம் என்றால், அந்தக் கழிவுநீர் எங்கே போகிறது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். மலசலகூடத்துக்கு, தரை கழுவ அது போதும். தோட்டத்துக்கு விட்டால் உப்பு ஏறும்.

உங்கள் கிணறு கெட்டதுதானா என்பதே பலருக்குத் தெரியாது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். பக்கத்துக் கிணற்றுக்கும் உங்கள் கிணற்றுக்கும் வித்தியாசம் இருக்கும்.

இயற்கை விளைச்சல் என்று பச்சை எழுத்தில் போட்ட சிவப்பரிசி, சூப்பர் மார்க்கெற்றில் சாதா அரிசியின் இரண்டு மடங்கு விலை. பிள்ளைகளுக்காக வாங்கலாமா? – வாசகி, கிளிநொச்சி நகரம்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்கிறீர்களே, அம்மா! உங்கள் வீட்டிலிருந்து எந்தத் திசைக்குச் சைக்கிள் ஓட்டினாலும் வயல் வரும். இரணைமடுக் குளத்தின் கீழ் விளைகிற நெல்லில் எவ்வளவோ லொறி ஏறித் தெற்கே பெரிய ஆலைகளுக்குப் போய், அங்கே குற்றி, பளபளவென்று பைக்குள் போட்டு, அதே ஏ9 வீதியால் திரும்ப வந்து உங்கள் சூப்பர் மார்க்கெற்றில் நிற்கிறது. போக வர எரிந்த டீசலுக்கும் அந்தப் பைக்கும் காசு கொடுப்பவர் நீங்கள், அறுவடை நேரம் விலையில்லாமல் நின்றவர் உங்கள் பக்கத்து விவசாயி. பையில் பச்சை எழுத்து இருந்தால் இது மாறிவிடாது.

உள்ளூர்ச் சின்ன ஆலையில் குற்றிய அரிசியை வாங்குங்கள். தவிடு முழுக்கப் போகாத அரிசி கேட்டால் ஆலைக்காரர் அளவாகத் தீட்டித் தருவார். பூநகரிப் பக்கத்து மொட்டைக்கருப்பன் கிடைத்தால் விடாதீர்கள். மானாவாரியில் நிற்கிற பழைய இனம், உரம் அதிகம் கேட்காதது, சோறு கொஞ்சம் முரடு, கஞ்சிக்கு அதற்கு இணை இல்லை. விளைச்சல் குறைவான இனம் என்பதால் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதலை விளைவித்தவரின் கையில் கொடுங்கள்.

நஞ்சடித்ததா இல்லையா என்று நேரே கேளுங்கள், பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். "பூச்சிக்கு ஒருக்கா அடிச்சனான்" என்று சொல்லுகிற ஆளை எனக்குப் பச்சை எழுத்தைவிட நம்பிக்கை. ஒரேயடியாக இயற்கைக்கு மாறு என்று ஆட்களை வற்புறுத்தவும் வேண்டாம். 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே வர்த்தமானியால் நிறுத்தி, நவம்பரிலேயே திரும்ப விட்டார்கள். அந்தப் பெரும்போகத்தில் நெல் எப்படி விழுந்தது என்று உங்கள் பக்கத்து வயற்காரரைக் கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவார். மண் பழகச் சில போகம் வேண்டும், விவசாயிக்கு அந்தக் காலத்தைத் தாங்கக் கைக்காசும் வேண்டும். அந்தக் காசு, வாங்குகிற ஆட்களிடமிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

விறகா காஸா? 2022இல் காஸ் இல்லாமல் விறகுக்குத் திரும்பினோம். இப்போது காஸ் இருக்கிறது, ஆனால் விறகுதான் இயற்கை என்று மாமியார் சொல்லுகிறா. – வாசகி, ஒட்டுசுட்டான்

மாமியாருக்கும் உங்களுக்கும் நடுவில் நான் வரவில்லை! விறகு எங்கிருந்து வருகிறது, அடுப்படியில் புகை எங்கே போகிறது, இரண்டையும் பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள். காட்டுக்குள் முதிரை, பாலை வெட்டி எரித்தால் அது இயற்கையும் இல்லை, சட்டமும் இல்லை. வேலிக் கிளிசரிடியா, பூவரசம் கிளை, தென்னம் மட்டை, பனை மட்டை என்றால் அது வருடா வருடம் திரும்ப வளர்கிறது. கிளிசரிடியாவின் இலை மண்ணுக்கு நல்ல உரம், தடி அடுப்புக்கு. புகைபோக்கி இல்லாத குசினிக்குள் தினமும் விறகுப் புகை குடிக்கிறவரின் நெஞ்சு என்னாகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். காஸ் நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற எரிபொருள்தான், ஆனால் ஒரு வீட்டுச் சமையலுக்கு அது எரிவது சொற்பம், அதற்காக யாரும் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம்.

விறகு என்றே முடிவானால் மூன்று கல்லை விட்டுவிட்டு அனகி அடுப்பு வாங்குங்கள். களிமண்ணால் ஒரே துண்டாகச் செய்து இரண்டு வாய் வைத்தது. முன் வாயில் சோறு வேக, மிஞ்சுகிற சூடு பின்வாய்க்குப் போய்ப் பருப்பை வேக வைக்கும். விறகை மழைக்கு முன்பே பிளந்து அடுக்குங்கள், ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். சிவப்பரிசியை முதலே ஊறவையுங்கள், பானையை மூடுங்கள். கொதி வந்து அரிசி பாதி வெந்ததும் இறக்கி, மூடியோடு சாக்கில் சுற்றி வைத்தால் மிச்சம் தானாக வேகும். காஸுக்கும் இதே சூத்திரம்தான்.

கனடாவிலிருந்து லீவுக்கு வந்த மைத்துனி, நாங்கள் பொலித்தீன் பாவிக்கிறதையும் குப்பை எரிக்கிறதையும் பார்த்து, "உங்களாலதான் உலகம் அழியுது" என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லிவிட்டா. பதில் சொல்லத் தெரியவில்லை. – வாசகர், முள்ளியவளை

குப்பை எரிப்பது பிழை என்பதில் மைத்துனி சரி, மேலே மல்லாவிக்காரருக்கு எழுதியதை வாசியுங்கள். உலகம் அழிகிற கணக்கில்தான் அவ கொஞ்சம் தடுமாறுகிறா. இலங்கையில் ஓர் ஆளுக்கு வருடத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய ஒரு தொன் கரியமிலவாயு. கனடாவில் அது பத்துத் தொன்னுக்கு மேல். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு வந்து போகிற ஒரு விமானச் சீற்றுக்கு மட்டும் இரண்டு தொன்னுக்கு மேலே போகும். அதாவது மைத்துனி கட்டுநாயக்காவில் வந்து இறங்கித் திரும்பிப் போவதற்குள், முள்ளியவளையில் நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு வருடம் சீவித்த கணக்கை முடித்துவிடுவா.

இதை முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம், அண்ணை. வராதே என்றும் சொல்லாதீர்கள், உறவு வந்து போக வேண்டும். வரும்போது சூட்கேஸ் நிறைய சொக்லேற்றும் சம்பூவும் ஒருதரம் போட்ட உடுப்பும் கட்டிக்கொண்டு வராமல், வீட்டுக் கூரைக்கு ஒரு சின்னச் சூரியத் தகடோ தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாயோ வாங்கக் காசைத் தரச் சொல்லுங்கள். சொக்லேற் கொஞ்சம் வரட்டும், பிள்ளைகள் பாவம்.

தடைக் காலத்தில் வன்னியில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம், ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அதுதானே இயற்கையோடு ஒட்டிய வாழ்க்கை? இளசுகளுக்கு அதைச் சொல்லுங்கள். – வாசகர், புதுக்குடியிருப்பு

சொல்லலாம் ஐயா, ஆனால் அந்தப் பெயரில் சொல்ல மாட்டேன். 1990இலிருந்து 2002 போர்நிறுத்தம் வரை எங்களுக்கு இருந்தது தெரிவு இல்லை, போரில் அரசு போட்ட பொருளாதாரத் தடை. மருந்துக்கும் தடை, உரத்துக்கும் தடை, பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பஞ்சில் திரி போட்டது மண்ணெண்ணெய் விலை தாங்காமல். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் விட்ட புகையில் இயற்கை எங்கே இருந்தது? பொருள் கிடைக்காமல் தவித்ததைப் பசுமை என்று அழைத்தால், இன்றைக்கும் கிடைக்காமல் இருக்கிறவனுக்கு நாங்கள் என்ன சொல்கிறோம்?

ஆனால் அந்தக் காலத்தில் பழகிய கை இருக்கிறதே, அது பெறுமதி. எதையும் எறிய முன் கழற்றிப் பார்க்கிற கை. வானொலியைத் திருத்தினவர்கள், சைக்கிள் டைனமோவில் வெளிச்சம் எடுத்தவர்கள் பலர் இன்னும் எங்கள் ஊர்ச் சந்திகளில் கடை போட்டிருக்கிறார்கள். காற்றாடி நின்றுவிட்டது என்றால் புதிது வாங்க முன் அவர்களிடம் கொண்டு போங்கள், பெரும்பாலும் ஒரு கொண்டென்சர்தான் போயிருக்கும். உங்களிடம் அந்தக் கைவேலை இருந்தால் ஒரு பொடியனைப் பக்கத்தில் இருத்திப் பழக்குங்கள். பனம்பழக் கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள், சேட்டில் மஞ்சள் பிடித்து மாடு வந்து நக்கினதையும் சேர்த்து.

கோயில் அன்னதானத்துக்குத் தட்டுக்கு மேல் லஞ்ச் சீற் போடுகிறார்கள். கேட்டால் இது மண்ணோடு மக்குகிற சீற், பச்சை இலை படம் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா? – வாசகர், வற்றாப்பளைப் பக்கம்

பாதி உண்மை. மக்குகிற வகைச் சீற்றுகள் இருக்கின்றன. ஆனால் பலவும் மக்குவதற்கு 60 பாகை செல்சியஸுக்குக் கிட்டிய சூடு தொடர்ந்து இருக்கிற பெரிய உரத் தொழிற்சாலை வேண்டும். கோயில் வீதிக் கிடங்கில் அந்தச் சூடு வராது, சீற் அங்கேயே கிடக்கும். 2023 ஒக்ரோபரில் ஒருதரம் பாவித்து எறிகிற பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு இந்தப் பச்சை இலை படம் எல்லாச் சாமானிலும் ஏறிவிட்டது.

வன்னிக்காரருக்கு இதெல்லாம் எதற்கு? குளத்தில் தாமரை இலை, வளவில் வாழையிலை, அங்கங்கே தேக்கிலை. தாமரை இலையில் சோறு போட்டால் குழம்பு ஓடாது, ஊறாது, சாப்பிட்டு முடியச் சுருட்டி மாட்டுக்குப் போடலாம். ஒரே குளத்தை மொட்டையடிக்காமல் இரண்டு மூன்று குளத்தில் பிரித்து எடுங்கள். வைகாசிப் பொங்கல் மாதிரிப் பெருங்கூட்டத்துக்கு இலை காணாது என்றால் சில்வர் தட்டும் கழுவ ஆட்களும். ஊர்ப் பொடியள் பத்துப் பேரை நேர்த்திக்கு என்று நிற்பாட்டினால் கழுவி முடிப்பார்கள். தண்ணீர்ப் பந்தலில்தான் மோசம்: ஒரு மிடறு மோருக்கு ஒரு கப். கடதாசிக் கப் என்று ஆறுதல் படாதீர்கள், அதன் உள்ளே பிளாஸ்ரிக் பூச்சு இருக்கிறது. செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிற ஆட்கள்தானே நாங்கள்? பந்தலில் செம்பு வையுங்கள்.

மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க ஒரே ஒரு வழி சொல்லுங்கள். – வாசகர், துணுக்காய்

மாதம் 60 யூனிற்றைத் தாண்டாதீர்கள். தாண்டினால் மேலதிக யூனிற்றுக்கு மட்டும் இல்லை, முதல் 60 யூனிற்றுக்கும் கூடிய வீதத்தில் கணக்குப் பார்ப்பார்கள். பழைய 60 வாற் குண்டு பல்ப் நான்கு, இரவில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 36 யூனிற். அதே வெளிச்சம் 9 வாற் எல்.ஈ.டி. நான்கில் ஆறு யூனிற்றுக்குள் முடியும். ஒரு வழி கேட்டீர்கள், இரண்டாகிவிட்டது.

அன்ரி, பள்ளிக்கூடத்துக்கு லஞ்ச் சீற்றில் சாப்பாடு கட்டிக்கொண்டு வரக் கூடாது என்று ரீச்சர் சொன்னவ. பெட்டியில் கொண்டு போனால் குழம்பு ஊத்தி புத்தகம் எல்லாம் மஞ்சள். – ஏழாம் ஆண்டு மாணவி, தருமபுரம்

ரீச்சர் சொன்னது சரி, மகள். சுடச்சுடச் சோற்றைப் பொலித்தீனில் கட்டுவது வயிற்றுக்கும் நல்லதில்லை. அம்மாவிடம் சொல்லி வாழையிலையைத் தணலில் ஒருக்கா வாட்டச் சொல்லுங்கோ, வாட்டினால் கிழியாது. சோற்றை இலையில் சுற்றி, அந்தப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். குழம்பைத் தண்ணியாகக் கொண்டு போகாமல் பிரட்டல், சம்பல், பருப்பு, பொரியல் என்று கொண்டு போங்கோ. அப்படியும் ஊத்தினால் பெட்டி மூடியின் உள்பக்கம் இருக்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்கோ, அது இழுபட்டிருக்கும். பாத்திரக் கடையில் அந்த வளையம் தனியாகவும் விற்கிறது. மூடியைக் கையோடு கொண்டு போய் அளவு பார்த்து வாங்குங்கோ.